சின்னான் பீஸ்

மருதாளுடைய அய்யன் பேரை அவர் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. கட்டியவள் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. பெற்ற பிள்ளைகளுக்கு அவர் அய்யன், அதற்கு மேல் பேர் எதற்கு? தெருவில் மாமன், மச்சான், பெரியப்பன் என்று முறை வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பேரைக் கூசாமல் சொன்னதெல்லாம் தோட்டத்துக்காரர் வீட்டில்தான். குன்னத்தூர்ப் பக்கம் ஆத்தப்பன் தோட்டத்தில் ஆயுசு பூராவும் தண்ணி கட்டியவர் அவர். அப்போதுதான் நடை பழகிய குழந்தைகூட அந்த வாசலில் நின்றுகொண்டு, "டேய் சின்னா, பந்தை எடுத்துட்டு வாடா" என்று கூவும். அவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "இதா வந்துட்டனுங் சாமி" என்று ஓடுவார்.

சின்னான் செத்துப் பல வருசம் ஆகிவிட்டது. தோட்டமும் இப்போது தோட்டமாக இல்லை. கிணற்றை மூடி, தென்னைகளைச் சாய்த்து, ஆத்தப்பன் வீட்டார் அதே மண்ணில் பனியன் கம்பெனி கட்டிவிட்டார்கள். பின்னல் எந்திரத்திலிருந்து வரும் துணி வெட்டாகி, தையலாகி, கடைசியில் செக்கிங் மேசைக்கு வரும். அந்த மேசையில் நின்று, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை மருதாளுக்கு. காலையில் நின்றால் சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டும். வீட்டுக்குப் போனால் கால் அவளுடையதாக இருக்காது.

கம்பெனியில் எல்லோருக்கும் அட்டை போட்ட நாளில்தான் அந்தப் பேர் மறுபடி எழுந்தது. ஆபீஸ் பெண் சுபஸ்ரீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"லாஸ்ட் நேம் என்னங்க்கா?"

"அதென்ன கண்ணு அது?"

"கடைசிப் பேருங்க்கா. வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் ரெண்டு பேரு இருக்குமுங்க. கூப்புடறதுக்கு ஒண்ணு, குடும்பத்துக்கு ஒண்ணு. இந்தக் கட்டத்துல ஏதாச்சும் அடிக்கோணும். இல்லீன்னா கம்ப்யூட்டரு உங்களை உள்ளயே உடாது."

"எங்களுக்கு ஏது கண்ணு ரெண்டு பேரு. இருக்கற ஒண்ணையே முழுசாக் கூப்புட ஆளில்ல."

சுபஸ்ரீ சிரித்துவிட்டாள். "அப்பா பேரு, இல்லாட்டி ஊட்டுக்காரர் பேரு, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க்கா."

இரண்டுமே மருதாள் வாயில் வராத பேர்கள். ஆதார் கார்டை எடுத்து, அப்பன் பேர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அன்றிலிருந்து கழுத்தில் தொங்கும் அட்டையில் அவள் மருதாள் சின்னான். அவள் பார்த்து முடித்த பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் மருதாளுக்குக்கூட இடமில்லை. எம் என்று ஒற்றை எழுத்து, பக்கத்தில் சின்னான்.

மருதாள் எழுத்துப் படித்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. சர்ச்சுக்குப் பின்னால் நடந்த சாயங்கால வகுப்பில் முதலில் தமிழ், அப்புறம் இங்கிலீஷ் எழுத்துகள். இங்கிலீஷ் அவளுக்குச் சத்தமாகத்தான் தெரியும், அர்த்தமாகத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதட்டில் ஓட்டிப் பார்த்து, அது தனக்குத் தெரிந்த சொல்லாக வந்தால் ஒரு சந்தோசம். வராவிட்டால் போகிறது என்று விட்டுவிடுவாள். பஸ் போர்டு, மருந்துக் கடை, பிஸ்கட் பாக்கெட், எதையும் விடுவதில்லை.

அதனால்தான் செக்கிங் ஹாலில் புதிதாக ஒரு வெள்ளைப் போர்டு மாட்டிய அன்றே அதன் முன்னால் போய் நின்றாள். மேலேயிருந்து வரிசையாக ஹோல், ஆயில், ஸ்டெயின். இதெல்லாம் நாள் முழுக்க எல்லோர் வாயிலும் புரள்கிற சொற்கள். கடைசி வரியை மனசுக்குள் கூட்டினாள். சி. சின். சின்னா. நெஞ்சு ஒருமுறை குதித்தது. சின்னான்.

கடுதாசி எழுதினால் கடைசியில் இப்படிக்கு என்று பேர் போடுவதில்லையா? மேலே இருப்பது பழுது, கீழே இருப்பது பார்த்தவர் பேர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இத்தனை பேர் இருக்கிற மேசையில், ரொம்ப நாளாக நிற்கிறவள் என்று தன் கடைசிப் பேரைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் தினமும் ஒரு எண் எழுதினார்கள். அது ஏறிய நாளில் அவளுக்குக் கால்வலி தெரியவில்லை. இறங்கிய நாளில், இன்னும் கொஞ்சம் கை வேகமாக ஓடியிருக்கலாம் என்று வருத்தப்பட்டாள். போனில் படம் எடுத்துக்கொண்டு போய்ப் புருசன் தங்கதுரையிடம் காட்டினாள். அவன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். இங்கிலீஷ் தெரியாது.

"ஏனுங்க, இங்க பாருங்க. எங்கய்யன் பேரு. கம்பெனிப் போர்டுல."

"அட, மாமனாரு பெரிய ஆளாயிட்டாரே" என்றான் தங்கதுரை. "இருக்கும்போது கயித்துக் கட்டல்ல படுத்திருந்த மனுசன், செத்த பொறவு இங்கிலீசுல ஏறிட்டாரு. என்ற பேரை எப்பப் போடுவாங்க?"

"போடுவாங்க, போடுவாங்க. ஆட்டோவுக்குப் பின்னால."

சந்தோசம் பத்து நாள் இருந்திருக்கும். ஒரு மத்தியானம் தையல் லைனிலிருந்து ஒடிசாக்கார டெய்லர் ஒருவன் கட்டோடு வந்தான். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நல்லவன், வாய் ஓயாது. கட்டிலிருந்து ஒரு டீ சர்ட்டை உருவி மேசையில் போட்டான்.

"அக்கா, இது சின்னான்."

மருதாளுக்குப் புரியவில்லை. "ஆரு?"

"சின்னான், அக்கா. மத்லப் கராப் பீஸ், கெட்டுப்போன பீஸ். பாருங்க, பாடி ஒரு கலர், கழுத்துப் பட்டி வேற கலர். ஃபுல் சின்னான்." அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"இந்த வார்த்தையை உனக்கு ஆரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. மேல ஆபீஸ், கீழ லைன், எல்லாம். தமிழ் நான் முதல்ல கத்துக்கிட்டது இதுதான்." அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் அக்கா? தப்பு வார்த்தையா?"

மருதாள் திரும்பிப் போர்டைப் பார்த்தாள். ஹோல், ஆயில், ஸ்டெயின், சின்னான். இப்போது நாலும் ஒரே வரிசையில் நின்றன. அவள் தினமும் ஏறட்டும் ஏறட்டும் என்று சாமி கும்பிட்ட எண், அவளுடைய அய்யனின் பேரில் எழுதிய கேட்டின் கணக்கு.

பக்கத்து மேசைப் பொன்னாத்தாள் தலையைக் குனிந்துகொண்டே துணியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சாம்பிள் எடுத்துக்கொண்டு மாடி ஆபீஸுக்கு அடிக்கடி போய்வருகிறவள் அவள்.

"உனக்குத் தெரியுமா பொன்னா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"நீ போட்டோ எடுத்துட்டுப் போயி ஊட்ல காட்டிட்டு வந்து நின்னே. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். போன வருசம் ஜெர்மன் ஆர்டர் ஒன்று போனது. கருநீல டீ சர்ட். கழுத்துப் பட்டிக்கு வேறு சாயப் பட்டறையில் சாயம் போட்ட துணி வந்துவிட்டது, நிறம் ஒட்டவில்லை. செக்கிங்கில் எல்லோருக்கும் தெரிந்தது. மருதாள் அவற்றைத் தனியே ஒதுக்கியும் வைத்தாள். முதலாளி மகன் தரணீதரன் ஓடி வந்தான். "கன்டெய்னர் நிக்குது மருதா, தள்ளி உடு, வெளக்கு வெளிச்சத்துல எவனுக்கும் தெரியாது" என்றான். அவளும் நல்ல பீஸோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள். அங்கே பெட்டியைப் பிரித்த வெள்ளைக்காரிக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியில் இருந்த சீட்டைப் படம் பிடித்து மெயில் அனுப்பினாள். சீட்டில் இருந்த பேர்தான் அவளுக்குக் கிடைத்தது. செக்கர் தவறு, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று தரணீதரன் பதில் போட்டான். அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது அவள் எழுதினாளாம், நோ மோர் சின்னான் ப்ளீஸ் என்று. இன்னொரு சின்னான் வேண்டாம்.

"அதுலிருந்து உன்ற காதுல உழாம மாடியில ஒரே சிரிப்பு" என்றாள் பொன்னாத்தாள். "டோன்ட் சின்னான் மை ஆர்டர்ங்கறாங்க. ஹவ் மெனி சின்னான்ஸ் டுடேங்கறாங்க. ஒரு பொண்ணு டிபன் டப்பாவுல சாம்பார் கொட்டிக்கிட்டு, ஐயோ ஃபுல் சின்னான்ங்கறா."

உலகத்தில் ஒரே ஒரு சின்னானாக இருந்து, வெயிலில் காய்ந்து, ஒரு சொத்தும் சேர்க்காமல் போன மனுசன். மாடிக்காரர்கள் அவரை இங்கிலீஷில் பன்மையாக்கி, டஜன் டஜனாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். திட்டுவதற்கும் அவர், சிரிப்பதற்கும் அவர், சாம்பார் கொட்டினாலும் அவர். மருதாளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் இரண்டும் அடுப்பு மாதிரி எரிந்தன.

அப்படியே மாடிக்குப் போனாள். தரணீதரனின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெண் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மிஸ்டர் ஆத்தப்பன் இஸ் இன் எ மீட்டிங், சார்." மருதாள் திடுக்கிட்டாள். தரணீதரனின் அப்பன், பெரியவர், மாடி ஏறி வருசக்கணக்கில் ஆகிறதே? கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெள்ளை எழுத்தில் நீளமாக ஒரு பேர். நிதானமாகக் கூட்டினாள். தரணீதரன். அதற்குப் பின்னால், ஆத்தப்பன்.

அவனுக்கும் கடைசிப் பேர் இருந்தது. அவளுக்குப் பின்னால் அவள் அய்யனைக் கொண்டுவந்து நிறுத்திய அதே கம்ப்யூட்டர், அவனுக்குப் பின்னால் அவன் அப்பனை நிறுத்தியிருந்தது. ஒரே தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் இங்கிலீஷுக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் அங்கே போய் மிஸ்டர். இன்னொருத்தர் கெட்டுப்போன துணி.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"என்ன மருதா, மேல வந்திருக்கே?"

"சார், கீழ போர்டுல எங்கய்யன் பேரு இருக்குதுங்க. அதை எடுத்துருங்க."

தரணீதரன் முதலில் விழித்தான். பிறகு சிரித்தான். "அட, அதா? அது உங்கப்பனைச் சொல்றதில்ல மருதா. அந்த ஜெர்மன்காரி எழுதுனா, பசங்க ஜாலியாப் புடிச்சுக்கிட்டாங்க. வெறும் வார்த்தை."

"எங்கய்யனை உங்களுக்குத் தெரியுமுங்களே."

"தெரியாம? என்னையத் தோள்ல வெச்சுட்டுத் தோட்டம் பூராச் சுத்துன ஆளு. தங்கமான மனுசன்."

"அன்னைக்கு நான் ஒதுக்கித்தான் வெச்சனுங்க. தள்ளி உடச் சொன்னது நீங்கதானுங்க."

அவன் முகம் சுருங்கியது. போனை எடுத்து எதையோ தேடுவது போல் தள்ளிக்கொண்டே பேசினான். "பழசையெல்லாம் இப்பக் கெளறாதே. உனக்கு அவ்வளவு சங்கட்டமா இருந்தா சுபஸ்ரீகிட்டச் சொல்லி லாஸ்ட் நேமை மாத்திக்க. உன்ற ஊட்டுக்காரன் பேரைப் போட்டுக்க. முடிஞ்சுது."

மருதாள் படியிறங்கினாள். பேரைக் கெடுத்தவர்கள் இவர்கள். அந்தப் பேரை விட்டுவிட்டு ஓட வேண்டியவள் அவளாம். பெற்ற அப்பனைக் குப்பைத் தொட்டியில் பார்த்தால் மகள் என்ன செய்ய வேண்டும்? இவர் யாரோ, எனக்குத் தெரியாது என்று தாண்டிப் போக வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் தங்கதுரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினான். "உட்டுட்டு வந்துரு. திருப்பூர்ல கம்பெனிக்கா பஞ்சம்? நாளைக்கே வேற எடம் பாத்துக்கலாம்."

"நான் வந்துருவனுங்க" என்றாள் மருதாள். "எங்கய்யன் அங்கயேதான கெடப்பாரு?"

தங்கதுரை எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியில் பூஜை. எந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, சாம்பிராணி போடுவார்கள். பூஜை முடிந்ததும் பெரியவர் ஒரு சுற்று வருவார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தடி. ஊரிலும் சரி, கம்பெனியிலும் சரி, அவரைப் பேர் சொன்ன ஆள் கிடையாது. ஆபீஸில் பெரிய ஐயா, கீழே பெரியவர், மருதாள் மாதிரிப் பழைய தோட்டத்து ஆட்களுக்குப் பண்ணாடி. மகனும் அப்பா என்பதோடு சரி. அந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணாடிக் கதவிலும் இருக்கிற பேர். வாயில் இருக்கிற பேர் இல்லை.

மருதாள் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். முந்தானையால் போர்டின் கடைசி வரியைத் துடைத்தாள். மார்க்கரை எடுத்தாள். கண்ணாடிக் கதவில் பார்த்துப் பார்த்து உள்ளங்கையில் எழுதிவைத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் போர்டில் இறக்கினாள். எழுதிப் பழகாத கையில் இரண்டு எழுத்து பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்தன. ஆனாலும் படிக்கலாம். ஹோல், ஆயில், ஸ்டெயின், ஆத்தப்பன்.

பொன்னாத்தாள் வந்து பார்த்தாள். "அடி ஆத்தா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "மருதா, அழிச்சுரு. சொன்னாக் கேளு."

"வெறும் வார்த்தைதான பொன்னா?"

ஆட்கள் வரவரச் செய்தி பரவியது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் இருந்தது. சாம்பிராணிப் புகையோடு பெரியவர் உள்ளே வந்தார். பின்னால் தரணீதரன் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கூட்டத்தின் கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியும்.

"ஏன்டா தரணி, எல்லாரும் அந்தப் போர்டையே பாக்கறாங்க? என்னடா எழுதியிருக்குது?"

தரணீதரன் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. தட்டிலிருந்த கற்பூரம் எரிந்து அணைந்தது.

"ஒண்ணுமில்லீங்கப்பா. வாங்க, போலாம்."

"ஒண்ணுமில்லாததுக்கா உன்ற மூஞ்சி இப்படிப் போச்சு? படிடா."

அவன் எப்படிப் படிப்பான்? அப்பன் பேரை அப்பன் முன்னால், ஊர் முன்னால், கறைக்கும் ஓட்டைக்கும் கீழே வைத்து?  பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஒருத்தரும் நிமிரவில்லை. ஒருத்தியைத் தவிர.

"சின்னான் மகதான நீ? நீ சொல்லு. என்ன இருக்குது?"

"உங்க பேருங்க" என்றாள் மருதாள்.

பெரியவர் தடியால் போர்டைக் காட்டினார்.

"என்ற பேரா? ஆரு எழுதுனது?"

"நான்தானுங்க."

தரணீதரன் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் திருநீறு சிந்தியது. "எவ்வளவு திண்ணக்கம் இருந்தா எங்கப்பா பேரை எழுதுவே? ஆருன்னு நெனச்சே?"

"வெறும் வார்த்தைங்க சார். நீங்கதான சொன்னீங்க." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.  "கெட்டுப்போன பீஸுக்கு ஒரு பேரு வேணும்னு எங்கய்யன் பேரை எழுதி வெச்சீங்க. சிரிச்சீங்க. எங்கய்யனுக்கு அந்தத் துணியைத் தெரியாதுங்க. பனியனே போடாத மனுசனுங்க அவரு. அன்னைக்குத் தள்ளி உடுன்னு சொன்னவரு பேருதான வரோணும்? சார் கடைசிப் பேரு அதுதானுங்க. கதவுல இருக்குதுங்க. அதைத்தான் எழுதுனேன்."

பெரியவர் மகனைப் பார்த்தார். "சின்னான் பேரு எதுக்குடா போர்டுல?"

தரணீதரன் சிந்திய திருநீற்றைக் கையால் வழித்தான். பொன்னாத்தாள்தான் எங்கிருந்தோ தைரியம் வந்து, மேசைக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். "பழுது பீஸுக்கு அதுதானுங்க பேரு. ஒரு வருசமா."

பெரியவர் தாடை அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று மருதாள் காத்திருந்தாள். உன் அய்யனுக்கா இப்படிச் செய்தார்கள் என்று ஒரு சொல். அவர் கையால் தண்ணி கட்டிய மண்ணில்தானே இந்தக் கட்டடம் நிற்கிறது.

"அழிடா அதை" என்றார் பெரியவர்.

தரணீதரன் கைக்குட்டையை எடுத்துத் தன் அப்பன் பேரைத் தானே அழித்தான். அழுத்தி, ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் அழித்தான்.  அத்தனை நாள் அங்கே இருந்த பேரை அழிக்க ஒரு கைக்குட்டை எழவில்லை. இந்தப் பேர் ஒரு காலைப் பொழுது இருந்ததற்குக் கை எப்படிப் பறக்கிறது.

பெரியவர் திரும்பினார். "உங்கப்பன் இருந்திருந்தா உன்னை இப்படிப் பேச உட்டிருப்பானா?"

"உட்டிருக்க மாட்டாருங்க" என்றாள் மருதாள். "பேசாம இருந்தே பழகிட்டாருங்க சின்னான். அதனாலதான் அவரு பேரை எவன் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு ஆயிப்போச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அய்யன் பேர் தன் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. நல்ல பேராகத்தான் இருந்தது.

பெரியவர் தடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். தரணீதரன் பின்னால் போனான். போகும்போது சூப்பர்வைசரிடம் எதையோ சொல்லிவிட்டுப் போனான். அது என்னவென்று மத்தியானம் தெரிந்தது. மருதாளுக்கு இனி செக்கிங் மேசை இல்லை. பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் பிசிறு வெட்டுகிறவர்களோடு உட்கார வேண்டும். வெயில் இறங்கும் இடம் அது. கூலியும் குறைவு.

"வேலையை உட்டு நிறுத்தியிருந்தா லேபர் ஆபீஸ் வரைக்கும் போயிருப்பே" என்றாள் பொன்னாத்தாள். "அதுக்குத்தான் இப்படி."

"போயிருப்பேன்" என்றாள் மருதாள். "இன்னும் போகலாம்."

போர்டில் மூன்று வரிக்குக் கீழே வெறுமையாக இருந்தது. அங்கே என்ன எழுதுவது என்று எண் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் பயம். மாடியில் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறார்களோ என்னவோ. மாடிச் சிரிப்பு தகரக் கொட்டகைக்குக் கேட்பதில்லை.

சாயங்காலம் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தபோது ஒடிசாக்கார டெய்லர் ஒரு டீ சர்ட்டோடு வந்தான். கழுத்துப் பட்டி ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இதுக்கு என்ன பேரு?"

மருதாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"துணி" என்றாள். "நெறம் ஒட்டாத துணி. தள்ளி உடச் சொல்லி எவன் வந்தாலும், சொன்னவன் பேரைக் கேட்டு வெச்சுக்க."